விதை வாங்குறதுக்கு முன்னாடி, பழைய புல்லு ஏன் போச்சுன்னு பாருங்க

தென்னாப்பிரிக்காவுல, குவாசுலு-நட்டால் மாகாணத்து உள்பகுதியான மிட்லண்ட்ஸ்ல, பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஹோவிக், மூய் ரிவர் பக்கம் நம்ம ஆளுங்க சில பேரு சின்னதா நிலம் வாங்கி பத்து மாடு இருபது மாடுன்னு வெச்சிருக்காங்க, பாதிப் பேரு டர்பன்ல வேலை பார்த்துக்கிட்டே சனி ஞாயிறு மட்டும் பக்கியை, அதாவது பின்னாடி திறந்த சின்ன லாரியை, எடுத்துக்கிட்டு வந்து பார்க்கிறவங்க. எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான்: "புல்லு சரியில்ல, உழுதுட்டு புதுசா விதை போட்டுடலாமா, எந்த விதை நல்லது?" எந்த விதைன்னு நான் அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, இருந்த புல்லு ஏன் போச்சு? அது தெரியாம விதை போட்டா புதுப் புல்லும் ரெண்டு வருஷத்துல அதே வழியிலதான் போகும், நடுவுல உங்க காசு டீசலா, உரமா, விதையா மண்ணுக்குள்ள போயிருக்கும்.

முதல்ல அடிப்படை. இங்க மேய்ச்சல் நிலம்னா ரெண்டு வகை. ஒண்ணு வெல்ட், அதாவது யாரும் விதைக்காம தானா காலங்காலமா வளர்ந்துக்கிட்டிருக்கிற இயற்கை புல்வெளி. இன்னொண்ணு பாஸ்ச்சர், மனுஷன் உழுது விதைச்சு உரம் போட்டு வளர்க்கிறது. ரெண்டும் தூரத்துல இருந்து பார்த்தா பச்சையாத்தான் தெரியும், ஆனா வைத்தியம் வேற வேற. பாஸ்ச்சர் கெட்டுப்போனா மறுபடி விதைக்கலாம், அது அதுக்குன்னே போட்டதுதான். வெல்ட் கெட்டுப்போனா ஏரை எடுக்கவே கூடாது, அதை ஓய்வு கொடுத்துத்தான் சரிபண்ணணும். ஏன்னா ஒரு வெல்டுல புல்லு மட்டும் இல்ல, கிழங்கு வகை, பூச்செடி, மண்ணுக்குள்ள ஆழமா போன வேருன்னு எத்தனையோ இருக்கு. ஒரு தடவை உழுதுட்டா பத்து இருபது வருஷம் சும்மா விட்டாலும் அது பழைய வெல்டா திரும்பாது, உயரமா கரடுமுரடா வளர்ற கூரைப்புல்லு மாதிரி ரெண்டு மூணு வகைதான் வந்து நிக்கும்.

இதுல சட்டமும் இருக்குங்க. 1983-ம் வருஷத்து விவசாய வளப் பாதுகாப்புச் சட்டம், 43-ம் எண் சட்டம்னு சொல்லுவாங்க, கன்னி நிலத்தை, அதாவது கடந்த 10 வருஷமா உழாத நிலத்தை, எழுத்துல அனுமதி வாங்காம உழக் கூடாதுங்குது. அது போக சுற்றுச்சூழல் சட்டத்துல, கடந்த 10 வருஷத்துல சட்டப்படி மேல்மண்ணு கலையாத இடத்துல இருக்கிற இயற்கைத் தாவரத்தை 1 ஹெக்டேர் இல்ல அதுக்கு மேல அழிக்கணும்னா முன்னாடியே அனுமதி வேணும். "என் நிலம், என் டிராக்டர்" கணக்கு இங்க செல்லாது. நிலம் வாங்கும்போதே எந்தக் கேம்ப் முன்னாடி உழுதது, எது உழாததுன்னு பழைய ஓனர்கிட்ட கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. கேம்ப்னா வேலி போட்டுப் பிரிச்ச ஒரு மேய்ச்சல் துண்டு, தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்.

சரி, புல்லு ஏன் போகுது? பத்துல எட்டு இடத்துல மேய்க்கிற விதம்தான் காரணம்னு என் அனுபவம். புல்லோட வளர்ற முனை அடியில மண்ணோட ஒட்டி இருக்கும், அதனாலதான் மாடு மேலே கடிச்சாலும் மறுபடி வருது. கடிச்ச உடனே அது அடித்தூர்லயும் வேர்லயும் சேர்த்து வெச்ச சக்கரையைச் செலவு பண்ணி முதல் இலையை விடும், ரெண்டாவது மூணாவது இலை வந்த பிறகுதான் செலவானது திரும்பச் சேர ஆரம்பிக்கும். பேங்க்ல போட்டு வெச்ச பணம் மாதிரிதான், சம்பளம் ஏறுறதுக்கு முன்னாடியே திரும்பத் திரும்ப எடுத்தா என்ன ஆகும். மாட்டை வருஷம் பூரா ஒரே கேம்ப்ல விட்டீங்கன்னா அது நேத்து கடிச்ச இடத்துல வந்த இளந்தளிரைத்தான் இன்னைக்கும் தேடிக் கடிக்கும், ஏன்னா அதுதான் ருசி. இப்படியே போனா ருசியான புல்லு வேர் சுருங்கிச் சாகும், ருசியில்லாதது ஜம்முன்னு வளரும். நட்டால் வெல்டுல ரூய்கிராஸ்னு சிவப்பா காயுற புல்லு இருக்கே, அதுதான் நல்ல வெல்டுக்கு அடையாளம், அது குறைஞ்சு அந்த இடத்துல கம்பி மாதிரி இழுத்தாலும் அறாத இங்கோங்கோனி புல்லு பரவியிருந்தா அந்த நிலத்தோட கதை அதுலயே எழுதியிருக்கு. மாடு இங்கோங்கோனியை இளசா இருக்கும்போது லேசா கடிக்கும், முத்தினா திரும்பிக்கூடப் பார்க்காது.

வெல்டுக்கு மருந்து ஓய்வு. நாலு கேம்ப் இருந்தா வருஷத்துக்கு ஒரு கேம்பை மழை சீசன் முழுக்க மாடே விடாம வெச்சு, நாலு வருஷத்துல ஒரு சுத்து வரணும்னுதான் இங்க பொதுவா சொல்ற முறை. புல்லு பூத்து விதை விழுந்து வேர் பிடிக்க அந்த ஒரு சீசன் தேவை. ஓய்வு கொடுத்த கேம்பைத்தான் அடுத்த வசந்தத்துல எரிக்கிறது வழக்கம், அதுக்கு தீத்தடுப்புப் பட்டை வெட்டணும், பக்கத்து நிலத்துக்காரருக்குச் சொல்லணும், காத்தடிக்கிற நாள்ல நெருப்புப் பெட்டியையே தொடக் கூடாது. இது தனிப் பாடம், இங்க இது போதும். ஆடு மட்டும் வெச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம், ஆடு பாதிக்கு மேல புதர், இலைதழைதான் தின்னும், அதுக்காக புல்லு விதைக்கப் போறேன்னு யாராவது சொன்னா நான் சிரிச்சிடுவேன்.

இனி நம்ம விஷயம், முன்னாடியே உழுத நிலம், பழைய பாஸ்ச்சர், இல்லன்னா முன்னாடி சோளம், காய்கறி போட்டுட்டு விட்டுட்ட நிலம். இதுலயும் உடனே உழ வேண்டாம். முதல்ல ஒரு மண்வெட்டியை எடுத்துக்கிட்டு நடந்து பாருங்க. நல்ல வகைப் புல்லு பாதிக்கு மேல இருந்தா உரமும் ஓய்வும் போதும். நடுவுல வெத்திடம் இருந்தா இருக்கிற புல்லுமேலயே விதை தூவிச் சேர்க்கலாம். களையும் வெறும் மண்ணும்தான்னா அப்போதான் முழுசா மறுவிதைப்பு. மண்வெட்டியால ஒரு முழ ஆழம் குத்திப் பாருங்க, 10 சென்டிமீட்டர்லயே கல்லு மாதிரி இறுகியிருந்து வேரெல்லாம் பக்கவாட்டுல ஓடியிருந்தா மாடு மிதிச்சு மண்ணு இறுகிப்போச்சுன்னு அர்த்தம், மழை ஈரத்துல மாட்டை விட்ட வினை. தண்ணி தேங்குற இடம்னா பெரும்பாலான விதை அங்க ஜெயிக்காது, அதை அப்படியே விட்டுட்டு மேட்டுப் பக்கம் வாங்க.

அடுத்தது மண் பரிசோதனை, இதுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மிட்லண்ட்ஸ் சைடு மண்ணு மழை அதிகமா கழுவிக் கழுவி புளிச்சுப்போன சிவப்பு மண்ணு. அமிலம் ஏறினா மண்ணுல இருக்கிற அலுமினியம் கரைஞ்சு வெளிய வந்து வேர் நுனியைச் சாகடிக்கும், நீங்க மேலே எவ்வளவு உரம் போட்டாலும் வேர் கட்டையா இருக்கிறதால செடி எடுத்துக்காது, பத்து நாள் மழை இல்லன்னா முதல்ல வாடுறதும் அதுதான். ஹோவிக் பக்கத்துல சீடாரான்னு மாகாண விவசாயத் துறையோட இடம் இருக்கு, அங்க மண் பரிசோதனை பண்ணித் தருவாங்க, ரிப்போர்ட்ல அமிலச் செறிவு எத்தனை சதவீதம், நீங்க போடப்போற பயிருக்கு எத்தனை டன் சுண்ணாம்புன்னு வரும். மண்ணு எடுக்கும்போது ஒரே இடத்துல தோண்டி ஒரு பை கொடுக்காதீங்க, ஒரு கேம்ப்ல 20 இடமாவது குறுக்கும் நெடுக்குமா நடந்து மேலாப்பல 15 சென்டிமீட்டர் மண்ணு எடுத்து வாளியில கலந்து அதுல இருந்து அரைக் கிலோ கொடுங்க. மாடு படுக்கிற இடம், தண்ணித் தொட்டி ஓரம், கேட்டு வாசல் இதையெல்லாம் விட்டுடுங்க, அங்க சாணியும் மூத்திரமும் சேர்ந்து ரிப்போர்ட்டு பொய் சொல்லும்.

எல்லாப் புல்லும் புளிப்பை ஒரே மாதிரி தாங்காது. குதிரைமசால், இங்க லூசர்ன்னு சொல்றது, புளிப்பைக் கொஞ்சம்கூடத் தாங்காது. அதே மாதிரி பயறு வகைத் தீவனச் செடியான வெள்ளை க்ளோவரும் கஷ்டம்தான். குளிர் காலப் புல்லான ரைகிராஸ் நடுவாந்திரம். வெயில் காலப் புல்லான எராக்ராஸ்டிஸ் நல்லாவே தாங்கும். அதனால சுண்ணாம்புக்குக் காசு இல்லன்னா அதுக்குத் தகுந்த புல்லைத் தேர்ந்தெடுங்க, லூசர்ன் கனவை ஒதுக்கி வைங்க. சுண்ணாம்பு போடுறதா இருந்தா விதைக்கிறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே போட்டு 15, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கலக்கணும், மேலாப்பல தூவிட்டுப் போனா அது மண்ணுக்குள்ள இறங்க வருஷக்கணக்காகும். மக்னீசியமும் குறைவுன்னு ரிப்போர்ட்ல வந்தா டோலமைட் சுண்ணாம்பு வாங்குங்க. பாஸ்பரஸ் குறைவா இருந்தா அதையும் விதைக்கும்போதே மண்ணோட கலக்கணும், இந்தச் சிவப்பு மண்ணு பாஸ்பரஸைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு விடாது, நாத்து வேருக்குப் பக்கத்துலயே இருந்தாத்தான் பிரயோஜனம்.

இப்போ பட்டம். "ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு நம்ம வாயில ஊறிப்போயிருக்கு, ஆனா இங்க ஆடி மாசம்னா வறண்ட குளிரு, மிட்லண்ட்ஸ்ல காலையில புல்லுமேல உறைபனி வெள்ளையா படிஞ்சிருக்கும், அப்போ விதைச்சா எலியும் குருவியும்தான் சாப்பிடும். நாம பூமத்திய ரேகைக்குத் தெக்கால இருக்கோம், மழை அக்டோபர்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும். அதனால நம்ம மாசக் கணக்குலயே சொல்றேன். வெயில் காலப் புல்லு, அதாவது எராக்ராஸ்டிஸ், ஸ்மட்ஸ் ஃபிங்கர் மாதிரி, கார்த்திகை மார்கழியில மண்ணு நல்லா சூடேறி மழை நிலைச்ச பிறகு விதைக்கணும், தை வரைக்கும் தாங்கும். குளிர் காலப் புல்லு, அதாவது ரைகிராஸ், ஃபெஸ்க்யூ, காக்ஸ்ஃபுட், மாசி பங்குனியில, வெயில் தணிஞ்சு மண்ணுல ஈரம் இன்னும் இருக்கும்போது. ரைகிராஸை சித்திரை தாண்டி விதைச்சா முளைக்கும், ஆனா குளிருக்கு முன்னாடி தூர் கட்டாது, முதல் மேய்ச்சல் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போகும், உங்களுக்குத் தீவனம் தேவைப்பட்ட ஜூன் ஜூலையில கேம்ப் சும்மா கிடக்கும்.

எதுக்கு ரெண்டு வகை? மிட்லண்ட்ஸ் வெல்டெல்லாம் பெரும்பாலும் சவர்வெல்ட், மழைக் காலத்துல நல்ல சத்து, குளிர் வந்ததும் சத்தெல்லாம் வேருக்கு இறங்கிடும், மேலே நிக்கிறது வெறும் நார். மழை கம்மியான உள் பக்கம் ஸ்வீட்வெல்ட், அங்க காய்ஞ்ச புல்லுலயும் சத்து நிக்கும். அதனால நம்ம பக்கம் உண்மையான பிரச்சினை மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் இருக்கிற அந்த ஓட்டைதான், கோடையில புல்லு யாருக்கும் குறைவில்லை. அந்த ஓட்டையை அடைக்க ரெண்டு வழி. தண்ணி வசதி இருந்தா ரைகிராஸ், அதுக்கு வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் கணக்குல பாசனம் வேணும், பால் மாடு வெச்சிருக்கிறவங்க இதுதான் பண்றாங்க. தண்ணி இல்லாத மானாவாரி நிலம்னா எராக்ராஸ்டிஸ் போட்டு கோடையில வெட்டிக் காயவெச்சு பேலா, அதாவது இறுக்கமான கட்டா, கட்டி குளிருக்கு வெச்சுக்கிறது. தண்ணி இல்லாம குளிர் காலம் முழுக்க ரைகிராஸை நம்பி உக்காரக் கூடாது, விதைக் கடையில எவ்வளவு அழகா பேசினாலும் சரி.

ரைகிராஸ்லயும் ரெண்டு ஜாதி உண்டு, பையை வாங்கும்போது கேளுங்க. வெஸ்டர்வோல்ட் வகை வேகமா வளரும், சீக்கிரம் மேய்ச்சலுக்கு வரும், ஆனா வசந்தம் வந்த உடனே பூத்துக் கதிர் தள்ளி முடிஞ்சிடும். இத்தாலியன் வகை குளிர் பட்டாத்தான் பூக்கும், அதனால சரியான நேரத்துல விதைச்சா இலையாவே கொஞ்சம் நாள் அதிகமா நின்னு டிசம்பர் பக்கம் வரைக்கும் மேய்ச்சல் கொடுக்கும். ரெண்டு கேம்ப் இருந்தா ஒண்ணுல ஒண்ணு போடுங்களேன், மேய்ச்சல் நாள் நீளும்.

விதை அளவு: ரைகிராஸ் ஹெக்டேருக்கு 25-ல இருந்து 30 கிலோ. எராக்ராஸ்டிஸ் 5 கிலோ போல போதும், ஏன்னா விதை கடுகைவிடச் சின்னது. ஹெக்டேர்னா கிட்டத்தட்ட ரெண்டரை ஏக்கர். பழைய விதை கைவசம் இருந்தா 100 விதையை எண்ணி ஈரமான டிஷ்யூல சுத்தி வீட்டுக்குள்ள வைங்க, பத்து நாள்ல 80 முளைக்கலன்னா அந்தப் பையை நம்பாதீங்க. க்ளோவர் சேர்க்கிறதா இருந்தா ரெண்டு மூணு கிலோ போதும், ஆனா அதுக்கான ரைசோபியம் கலவையை விதையில பூசணும், அந்தப் பாக்டீரியாதான் காத்துல இருக்கிற நைட்ரஜனை வேர்ல முடிச்சு போட்டுப் பிடிச்சுத் தருது. க்ளோவருக்கு ஒரு வகை, லூசர்னுக்கு வேற வகை, மாத்தி வாங்கிடாதீங்க, பூசின விதையை வெயில்ல வைக்காதீங்க. க்ளோவர் அதிகமா இருக்கிற கேம்ப்ல பசியோட மாட்டை விட்டா வயிறு ஊதிச் செத்துப்போகும், அதையும் மனசுல வைங்க.

விதைப் படுக்கைதான் பாதி ஜெயம். நம்ம பெரியவங்க காய்கறிக்கு மண்ணைப் பொலபொலன்னு ஆக்குவாங்களே, 1860-ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து வந்தவங்களும் அவங்களுக்கு அப்புறம் வந்தவங்களும் ஒப்பந்தம் முடிஞ்சதும் டர்பனைச் சுத்தி தோட்டம் போட்டுப் பிழைச்சாங்க, அந்தக் கை நிறைய வீட்டுல இன்னும் இருக்கு. ஆனா புல்லுக்கு அந்தப் பதம் ஆகாது. புல் விதை ரொம்பச் சின்னது, மண்ணு பஞ்சு மாதிரி இருந்தா விதை ஆழமா போயிடும், சுத்தி காத்து இருக்கிறதால முளைச்ச வேரு காய்ஞ்சிடும். மேலே பொடியா, அடியில கெட்டியா இருக்கணும். பூட்ஸ் குதிகாலால மிதிச்சுப் பாருங்க, 1 சென்டிமீட்டருக்கு மேல அமுங்கினா இன்னொரு தடவை ரோலர் ஓட்டுங்க. ரைகிராஸை 1 சென்டிமீட்டர் ஆழம், எராக்ராஸ்டிஸை மண்ணுமேலயே போட்டு ரோலரால அமுக்கினா போதும். ரோலர் இல்லன்னா கனமான மரக்கிளையை இழுத்தோ, ஆட்டு மந்தையை ஒரு தடவை குறுக்க ஓட்டியோ அமுக்கிறவங்க உண்டு, ஒண்ணும் இல்லாததுக்கு அது பரவாயில்ல. விதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மழைக்கு விட்டு, முளைச்ச களையை லேசா கீறிக் கொன்னுட்டு அப்புறம் விதைச்சா பிளாக்ஜாக் மாதிரி களைத் தொல்லை பாதி குறையும்.

கிகுயுன்னு மெத்தை மாதிரி வளர்ற புல்லு இருக்கு, அந்தப் புல்லு போட்ட பழைய பாஸ்ச்சர் இருக்கிறவங்களுக்கு இதுல எளிய வழி இருக்கு, உழவே வேண்டாம். கிகுயு கோடையில அமோகமா வளர்ந்து உறைபனி பட்டதும் பழுத்து நின்னுடும், ரைகிராஸ் அதுக்கு நேர் எதிர், ரெண்டையும் ஒரே கேம்ப்ல வெச்சா வருஷம் முழுக்க ஏதோ ஒண்ணு வளரும். மார்ச் மாசத்துல மாட்டை விட்டு கிகுயுவை ஒட்ட மேய்ச்சு, மிச்சத்தை டிராக்டர்ல மாட்டுற புல்வெட்டியான ஸ்லாஷரால தரை மட்டத்துக்கு வெட்டி, ரைகிராஸ் விதையைத் தூவி ரோலர் ஓட்டித் தண்ணி விடணும், இல்ல புல்லைக் கிழிச்சு விதை இறக்குற டிரில் வாடகைக்குக் கிடைச்சா இன்னும் நல்லது. வெஸ்டர்ன் கேப்ல ஜார்ஜ் பக்கம் இருக்கிற ஔட்டனிக்வா ஆராய்ச்சிப் பண்ணையில இந்த முறையை ரொம்ப வருஷமா பார்த்துக்கிட்டு வர்றாங்க. கிகுயு மெத்தை தடிமனா இருக்கும்போது மேலே விதையை வீசிட்டு வர்றதுதான் எல்லாரும் பண்ற தப்பு, விதை மண்ணைத் தொடணும், அவ்வளவுதான் ரகசியம். ஒரு எச்சரிக்கை, கோடையில படைப்புழு வந்து கிகுயுவை மொட்டையடிச்சிட்டுப் போன கேம்ப்ல மாட்டை விடாதீங்க, அந்த நேரத்துல கிகுயு விஷமாகி மாடு செத்த அனுபவம் இந்த நாட்டுல இருக்கு.

முளைச்சு பச்சை கட்டின உடனே எல்லாருக்கும் கை பரபரக்கும். ரைகிராஸுக்கு ஆறுல இருந்து எட்டு வாரம் ஆகும். நாளை எண்ணாம கையால சோதிங்க, மாடு கடிக்கிற மாதிரி விரலால ஒரு கொத்தைப் பிடிச்சு வெடுக்குன்னு இழுங்க, இலை அறுந்து கையில வந்தா விடலாம், வேரோட வந்தா இன்னும் வாரம் பத்து நாள் பொறுங்க. முதல் மேய்ச்சல் லேசா, மண்ணு காய்ஞ்சிருக்கும்போது, கனம் குறைஞ்ச கன்னுகளை விட்டு மேலாப்பல மட்டும். அப்படி மேய்ச்சா பக்கத் தூர் வெடிச்சுக் கேம்ப் அடர்த்தியாகும். அதுக்கப்புறம் ஒவ்வொரு தூர்லயும் மூணு இலை வரும்போது விட்டு, 5 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும்போது வெளிய எடுங்க. கிகுயுவுக்கு நாலு அஞ்சு இலை. மின்வேலிக் கம்பி ஒரு சுருள் இருந்தா ஒரு கேம்பை நாலு துண்டாக்கி மாத்தி மாத்தி மேய்க்கலாம், விதைக்குப் போடுற காசுல கொஞ்சத்தை இந்தக் கம்பிக்குப் போடச் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்குறாங்க. எராக்ராஸ்டிஸ் விதைச்சவங்க முதல் வருஷம் மேய்ச்சலையே மறந்துடுங்க, வேர் பிடிக்கட்டும், கடைசியில ஒரு தடவை வெட்டி எடுத்தாப் போதும்.

மேய்ச்ச பிறகு நைட்ரஜன். பாசன ரைகிராஸுக்கு ஒவ்வொரு மேய்ச்சலுக்கு அப்புறமும் ஹெக்டேருக்கு 50 கிலோ நைட்ரஜன்னு வெச்சா, 28 சதவீத லேன் உரம், அதாவது சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட், சுமார் 180 கிலோ ஆகுது. உரம் போட்ட உடனே, அதுவும் மேகமூட்டமான நாள்ல, பசியோட மாட்டை அந்தப் புல்லுல விட்டா நைட்ரேட் விஷம் ஏறும், அதனால முதல்ல கொஞ்சம் காய்ஞ்ச புல்லு போட்டுட்டு அப்புறம் விடுங்க.

எவ்வளவு நிலம் விதைக்கணும்னு ஒரு தோராயக் கணக்கு. 450 கிலோ மாடு ஒண்ணு ஒரு நாளைக்கு ஈரம் போக சுமார் 10 கிலோ காய்ஞ்ச தீவனம் தின்னும். குளிர் காலம் 150 நாள்னா ஒண்ணரை டன். நல்லா தண்ணி பாய்ச்சி உரம் போட்ட ரைகிராஸ் ஹெக்டேருக்கு 10 டன் கொடுத்தா, மிதிச்சது, சாணி விழுந்ததுன்னு கழிச்சு 7 டன்தான் வாய்க்குள்ள போகும், ஆக ஒரு ஹெக்டேர் நாலு இல்ல அஞ்சு மாட்டுக்கு. உங்ககிட்ட இருபது மாடு இருந்து பாசனம் ஒரு ஹெக்டேருக்குத்தான்னா மாட்டை முழு நாளும் ரைகிராஸ்ல விடாதீங்க, கறக்கிற மாட்டையும் சினை மாட்டையும் காலையில ரெண்டு மணி நேரம் விட்டு எடுத்துட்டு மிச்ச நேரம் வெல்டுல விடுங்க, மத்ததுக்கு யூரியா கலந்த லிக், அதாவது மாடு நக்கித் தின்கிற சத்துக் கலவை, வைங்க, அந்த நார்ப் புல்லை வயித்துக்குள்ள செரிக்க அது உதவும். லிக் தொட்டி மழையில நனையாத மாதிரி மூடி போட்டு வைங்க, தேங்கின யூரியா தண்ணியைக் குடிச்சா மாடு தாங்காது. அதுலயும் பத்தலன்னா எராக்ராஸ்டிஸ் பேலை ஜனவரி பிப்ரவரியிலயே வாங்கிக் கொட்டாயில அடுக்கிடுங்க, ஆகஸ்டு மாசம் எல்லாரும் தேடும்போது போய் நின்னா அவங்க சொல்றதுதான் விலை.